இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஓபியாய்டு வலிநீக்கிகள்: ஒப்பீட்டு ஆய்வுகளின் அளவுகோல் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் ஓபியாய்டு வலிநீக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் முதல் ஓரிரு நாள்களின் வலி மதிப்பெண்ணையே முதன்மை அளவுகோலாகக் கொள்கின்றன. நோயாளி தம் தேவைக்கேற்ப மருந்தைக் கூட்டிக்கொள்ள இடமுள்ள ஆய்வுகளில் அம்மதிப்பெண் மருந்துகளுக்கிடையேயான வேறுபாட்டை வெளிப்படுத்துவதைவிட மறைப்பதே மிகுதி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வீரியம், பயன்திறன் என்னும் இரு கருத்தாக்கங்கள் குழம்புதல், வேறு அறுவைகளில் பெற்ற சான்று இடுப்புக்கு ஏற்றப்படுதல், ஓபியாய்டு அல்லாத மருந்துகளின் பங்கு பின்தள்ளப்படுதல், கால எல்லை குறுகியிருத்தல் ஆகிய நான்கும் ஆராயப்படுகின்றன. இவ்வொப்பீடுகளைத் தமிழில் எடுத்துரைக்கும்போது நேரும் சொல்லாட்சிச் சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓபியாய்டு, வலி மதிப்பெண், இடுப்பு மூட்டு மாற்று அறுவை, வீரியம், பயன்திறன், அறிவியல் தமிழ்

முன்னுரை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1960களின் தொடக்கத்தில் ஆகும். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, தொடை எலும்பின் தலைக்கு மாற்றாக உலோகப் பந்தையும் இடுப்புக் குழிக்கு நெகிழிக் கிண்ணத்தையும் பொருத்தி, எலும்புச் சிமென்டால் அவற்றை நிலைநிறுத்தினார். அக்காலத்தில் அறுவை முடிந்தவர் பல நாள்கள் படுக்கையிலேயே கிடந்தார். அவருக்கு வலி நீக்கம் என்பது அசையாமல் அமைதியாகக் கிடப்பதற்கான துணை.

1990கள் முதல் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் முன்னெடுத்த விரைவு மீட்புச் சிந்தனை இந்நிலையை மாற்றியது. இன்று பல மருத்துவமனைகளில் அறுவை நடந்த நாளிலோ மறுநாளிலோ நோயாளி எழுந்து நிற்கவும் சில அடிகள் நடக்கவும் தூண்டப்படுகிறார். காலில் குருதி உறைவதைத் தடுக்கவும் நுரையீரல் தொற்றைத் தவிர்க்கவும் தசை வலு குன்றாமலிருக்கவும் இந்நடமாட்டம் தேவைப்படுகிறது. ஆகவே வலி நீக்கத்தின் நோக்கம் 'வலியின்றிக் கிடத்தல்' என்பதிலிருந்து 'தாங்கத்தக்க வலியோடு நடத்தல்' என்பதற்கு நகர்ந்துவிட்டது. நோக்கம் மாறிய அளவுக்கு அளவுகோல் மாறியுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஒப்பிடப்படும் மருந்துகள்

அபினியிலிருந்து மார்பினை ஜெர்மானிய மருந்தாளர் ஃபிரெடரிக் செர்ட்யூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். ஆக்சிகோடோன் 1916 இல் ஜெர்மனியில் உருவானது. பெத்திடின் 1930களின் இறுதியிலும், ஃபென்டனில் 1960ஐ ஒட்டிப் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வகத்திலும் பிறந்தன. டிரமடால் 1962 இல் தொகுக்கப்பட்டு 1977 இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. டேபென்டடாலுக்கு 2008 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

இவை அனைத்தும் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளில் செயற்படுவன. எனினும் உடல் இவற்றைக் கையாளும் முறை ஒன்றன்று. மார்பினின் வளர்சிதைப் பொருள்களுள் ஒன்று தானும் வலிநீக்கும் ஆற்றலுடையது. சிறுநீரகச் செயல்பாடு குன்றியவரிடம் அது தேங்கி மயக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் உண்டாக்கக்கூடும். பெத்திடினிலிருந்து உருவாகும் நார்பெத்திடின் தேங்கினால் வலிப்பு வரலாம். டிரமடால் கல்லீரலிலுள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பின்னரே அதன் ஓபியாய்டு ஆற்றல் பெரிதும் வெளிப்படுகிறது. அந்நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ளவருக்கு அம்மருந்து போதிய பயன் தருவதில்லை. மேலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு அது சேரும்போது செரட்டோனின் மிகைப்பால் கேடு விளையக்கூடும்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு உள்ளாவோருள் பெரும்பாலோர் முதியவர்கள். சிறுநீரகத் தளர்ச்சியும் பல மருந்துகளை ஒருங்கே உட்கொள்ளும் நிலையும் அவர்களிடம் மிகுதி. எனவே மருந்துகளுக்கிடையே உண்மையான வேறுபாடு வெளிப்படும் இடங்கள் இவையே. ஆனால் ஆய்வுகளின் முதன்மை முடிவாக அறிவிக்கப்படுவது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கிறது.

வீரியமும் பயன்திறனும்

'ஃபென்டனில் மார்பினைவிட நூறு மடங்கு வலிமையானது' என்னும் கூற்றைச் செய்திகளில் அடிக்கடி காண்கிறோம். நரம்புவழி தரப்படும் 10 மி.கி. மார்பின் அளிக்கும் வலிநீக்கத்தை ஏறத்தாழ 0.1 மி.கி. ஃபென்டனில் அளிக்கிறது என்பதே இதன் பொருள். அதாவது அதே விளைவுக்குக் குறைந்த எடையுள்ள மருந்து போதும். நூறு மடங்கு மிகுதியான வலி நீங்கும் என்று இதற்குப் பொருளில்லை. முன்னதை வீரியம் என்றும், ஒரு மருந்தால் அடையக்கூடிய உச்ச விளைவைப் பயன்திறன் என்றும் வேறுபடுத்திக் கூறுவது தகும்.

இவ்வேறுபாடு ஒப்பீட்டு ஆய்வின் அடித்தளத்தையே தொடுகிறது. இரு மருந்துகளை ஒப்பிட வேண்டுமெனில் முதலில் அவற்றைச் சமநிலையான அளவில் தரவேண்டும். அதற்கு உதவும் சமவலிநீக்க அட்டவணைகளுக்கு அடிப்படையானவற்றுள் முக்கியமானவை, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ரேமண்ட் ஹூட் முதலானோர் நடத்திய ஆய்வுகள். அவற்றில் பங்கேற்றோர் புற்றுநோய் வலியால் வருந்தியவர்கள். அளக்கப்பட்டது பெரும்பாலும் ஒற்றை வேளை மருந்தின் விளைவு. எலும்பு அறுக்கப்பட்ட மறுநாள் நடக்க முற்படும் முதியவரின் நிலை இதனின்றும் வேறானது. இருப்பினும் வெவ்வேறு ஓபியாய்டுகளை 'மார்பின் நிகர் மில்லிகிராம்' என்ற ஒரே நாணயமாக மாற்றிக் கணக்கிடும் பழக்கம் இவ்வட்டவணைகளையே சார்ந்துள்ளது. மாற்று விகிதம் தடுமாறினால் அதன்மேல் எழுப்பப்படும் ஒப்பீடும் தடுமாறும். ஓர் ஆய்வில் ஒரு மருந்து 'வென்றது' எனும்போது, வென்றது அம்மருந்தா அல்லது அதற்குச் சற்றுத் தாராளமாக வகுக்கப்பட்ட அளவா என்று வினவுவது வாசகரின் கடமை.

வலி மதிப்பெண் மறைப்பவை

0 முதல் 10 வரையிலான எண்களுள் ஒன்றை நோயாளி தேர்ந்து கூறுவதே வலி மதிப்பெண். இதன் பெருமை எளிமையில் உள்ளது. நோயாளியின் சொந்தக் கூற்றை மருத்துவரின் ஊகத்திற்கு மேலாக வைப்பதும் இதன் சிறப்பு. இதனைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் ஓபியாய்டுகளை ஒப்பிடும் சூழலில் இதற்கு மூன்று வரம்புகள் உள்ளன.

முதலாவது, ஆய்வின் அமைப்பே மதிப்பெண்ணைச் சமன் செய்துவிடுகிறது. நோயாளியே விசையை அழுத்தி நரம்புவழி மருந்தைப் பெறும் கருவியைக் கொண்டு இரு ஓபியாய்டுகளை ஒப்பிடுவதாகக் கொள்வோம். வலி மிகுந்தவர் மேலும் அழுத்துவார். குமட்டல் மிகுந்தவர் நிறுத்திக்கொள்வார். ஒவ்வொருவரும் தமக்குத் தாங்கத்தக்க ஒரு நிலையில் வந்து நிற்பர். முடிவில் இரு குழுக்களின் சராசரி மதிப்பெண்ணும் நெருங்கிவிடும். 'இரண்டும் சமம்' என்ற முடிவு இங்கே மருந்தின் இயல்பைவிட மனிதரின் இயல்பையே சுட்டுகிறது. கூடுதல் மருந்தாக மார்பின் தரப்படும் மாத்திரை ஆய்வுகளிலும் இதே நிகழ்கிறது.

இரண்டாவது, சராசரி என்பது தனி நோயாளியை மறைத்துவிடும். சராசரி 4 என்பது அனைவரும் 4 என்று கூறியதால் வந்திருக்கலாம். பாதிப்பேர் 1 என்றும் எஞ்சியோர் 7 என்றும் கூறியதாலும் வந்திருக்கலாம். வலிநீக்கிகளின் விளைவு பெரும்பாலும் சராசரியைச் சுற்றித் திரள்வதில்லை; சிலருக்கு நன்கு பயன்பட்டு, சிலருக்குப் பயன்படாமலே போகிறது என்பதை ஆண்ட்ரூ மூர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013 இல் வலியுறுத்தினர். ஆகவே 'சராசரி எவ்வளவு குறைந்தது' என்பதினும் 'எத்தனை பேருக்குத் தாங்கத்தக்க நிலை கிட்டியது' என்பதே பொருத்தமான வினா.

மூன்றாவது, எப்போது கேட்கப்பட்டது என்பது. படுத்திருக்கும்போது 2 என்று கூறுபவர் படுக்கையிலிருந்து காலைக் கீழே இறக்கும்போது 6 என்று கூறக்கூடும். ஓபியாய்டுகள் பொதுவாக ஓய்வு நிலை வலியை நன்கு தணிக்கின்றன. அசைவின்போது எழும் வலியில் அவற்றின் ஆற்றல் குறைவு. ஓய்வு நிலை மதிப்பெண்ணை மட்டும் முதன்மையாக்கும் ஆய்வு, நடமாட்டத்தை நோக்கமாகக் கொண்ட இன்றைய மருத்துவத்திற்கு அரைகுறையான விடையையே தருகிறது.

இடுப்பு அல்லாத இடத்துச் சான்றுகள்

டேபென்டடாலை ஆக்சிகோடோனோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இவ்வகையில் நோக்கத்தக்கவை. உடனடியாக வெளிப்படும் டேபென்டடால் பற்றி 2009 இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்று, மூட்டுத் தேய்மானத்தின் இறுதி நிலையில் மாற்று அறுவைக்காகக் காத்திருந்தோரிடம் 10 நாள்கள் நடத்தப்பட்டது. 50 மி.கி. அல்லது 75 மி.கி. டேபென்டடால், 10 மி.கி. ஆக்சிகோடோன், போலி மருந்து ஆகியவை ஒப்பிடப்பட்டன. வலிநீக்கத்தில் டேபென்டடால் ஆக்சிகோடோனுக்குக் குறைந்ததல்ல என்றும், குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை அதில் குறைவு என்றும் முடிவு எட்டப்பட்டது. இம்மருந்தின் மற்றொரு முதன்மைச் சான்று காற் பெருவிரல் எலும்புப் புடைப்பு அறுவையிலிருந்து பெறப்பட்டது.

முன்னது அறுவைக்கு முந்தைய வலி. பின்னது காலின் சிறு எலும்பில் எழும் வலி. இடுப்பு அறுவைக்குப் பிந்தைய வலியோ தசை, எலும்பு, தோல் மூன்றிலும் ஏற்பட்ட புண்ணிலிருந்து எழுவது. முதல் நாளில் உச்சமாகி, முழங்கால் மாற்று அறுவையின் வலியைவிட விரைவாகத் தணிவது. சான்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஏற்றுவது மருத்துவத்தில் தவிர்க்க இயலாதது என்பது உண்மையே. குமட்டல், மலச்சிக்கல் போன்ற பக்க விளைவுகள் அறுவையின் இடத்தைப் பெரிதும் சாராததால் அவற்றைப் பற்றிய முடிவை ஓரளவு ஏற்கலாம். வலிநீக்கம் பற்றிய முடிவை அவ்வாறு ஏற்பதற்கு இல்லை. இவ்விரண்டையும் பிரித்து நோக்காமல், 'டேபென்டடால் ஆக்சிகோடோனுக்கு நிகர். பக்க விளைவும் குறைவு' என ஒரே தொடரில் கூறுவது, வன்மை வேறான இரு சான்றுகளை ஒரே தட்டில் வைப்பதாகும்.

ஓபியாய்டு அல்லாத மருந்துகளின் இடம்

2019 இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இவ்விவாதத்திற்கு எதிர்பாராத வெளிச்சத்தைத் தருகிறது. ஆறு மருத்துவமனைகளில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு உள்ளான 556 பேர் சமவாய்ப்பு முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் சேர்ந்து பெற்றோர், பாரசிட்டமால் மட்டும் பெற்றோர், இபுபுரூஃபன் மட்டும் பெற்றோர், இரண்டையும் பாதி அளவில் பெற்றோர் என்பன அக்குழுக்கள். முதல் 24 மணி நேரத்தில் அவர்கள் தாமே விசையை அழுத்திப் பெற்ற மார்பினின் இடைநிலை அளவு முறையே 20, 36, 26, 28 மி.கி. என அமைந்தது.

இவ்வாய்வு இரு ஓபியாய்டுகளை ஒப்பிடவில்லை. மார்பின் தேவையை அளவுகோலாக்கி மற்ற மருந்துகளை எடைபோட்டது. அதனாலேயே இது நமக்கு முக்கியமாகிறது. சேர்க்கைக்கும் தனிப் பாரசிட்டமாலுக்கும் இடையே 16 மி.கி. மார்பின் வேறுபடுகிறது. சேர்க்கைக்கும் தனி இபுபுரூஃபனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 6 மி.கி. மட்டுமே. மருத்துவ முக்கியத்துவம் உடையதெனக் கொள்ள 10 மி.கி. வேறுபாடாவது வேண்டும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வரையறுத்திருந்தனர். ஆதலின் இரண்டாவது வேறுபாட்டை அவர்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. முடிவைக் கண்ட பின் அளவுகோலை வளைக்காத இந்நேர்மை பாராட்டத்தக்கது.

அடிப்படையாகத் தரப்படும் எளிய மாத்திரைகளே மார்பின் தேவையை இவ்வளவு மாற்றுமெனில், அவ்வடிப்படை சீராக அமையாத ஆய்வுகளில் ஓபியாய்டுகளை ஒப்பிடுவதால் பயன் குறைவு. மறுபுறம், அடிப்படை நன்கு அமைந்துவிட்டால் வலி மிகவும் தணிந்து, ஓபியாய்டுகளுக்கிடையேயான வேறுபாடு மதிப்பெண்ணில் தெரியாமற் போகும். இவ்விரு முனைச் சிக்கலிலிருந்து வலி மதிப்பெண்ணை மட்டும் கொண்டு வெளியேற வழியில்லை. 2021 இல் வெளியான 'பிராஸ்பெக்ட்' வழிகாட்டுதல் பாரசிட்டமால், அழற்சி எதிர்ப்பு மாத்திரை, டெக்சாமெத்தசோன் ஆகியவற்றையும், நரம்புத் தடுப்பு ஊசி அல்லது புண்ணைச் சுற்றிய உணர்வகற்றி ஊசியையும் அடிப்படையாக்கி, ஓபியாய்டை மீட்பு மருந்தாக மட்டுமே வைத்தது. அழற்சி எதிர்ப்பு மாத்திரையும் தீங்கற்றதன்று. சிறுநீரகத் தளர்ச்சி, இரைப்பைப் புண், இதய நோய் உடையோருக்கு அது பொருந்தாமற் போகலாம். ஓபியாய்டுகளை ஒப்பிடும் வினா உண்மையில் இன்றியமையாததாவது இத்தகையோரிடமே. ஆனால் ஆய்வுகளில் சேர்க்கப்படாமல் விலக்கப்படுவோரும் பெரும்பாலும் இவர்களே.

இரண்டு நாள்களுக்கு அப்பால்

மருத்துவமனையில் நோயாளி இருக்கும் நாள்களோடு ஆய்வு முடிந்துவிடலாம், மருந்து முடிவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் ஓபியாய்டு உட்கொள்ளாதவருள் இடுப்பு மாற்று அறுவை பெற்ற 4.3 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப் பின்னும் அதனை உட்கொண்டனர். முன்பே உட்கொண்டவருள் இவ்வளவு 34.7 விழுக்காடு. அமெரிக்காவின் மருந்துப் பழக்கம் பிற நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் 48 மணி நேர ஒப்பீடு எதனைக் காணத் தவறுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

மெல்ல வெளிப்படும் ஆக்சிகோடோன் மாத்திரைகளின் வரலாறு இதற்குச் சான்று. காலையும் மாலையும் ஒவ்வொன்று என்னும் வசதியும், சீரான வலி மதிப்பெண்ணும் அவற்றுக்கு ஆதரவாக அமைந்தன. ஆனால் நாளுக்கு நாள் குறையும் அறுவை வலிக்கு, எளிதில் குறைக்க இயலாத மருந்து பொருந்துவதில்லை. மிகை மயக்கமும் மூச்சு மந்தமும் கவனிப்பாரற்ற வேளையில் நேரக்கூடும். 2018 இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மயக்க மருந்து வல்லுநர் கல்லூரி இவற்றை வழக்கமாகப் பயன்படுத்துவதற்கு எதிராக நிலைப்பாடு எடுத்தது. 2025 இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அறுவைக்குப் பிந்தைய வலிக்கு நீடித்து வெளிப்படும் ஓபியாய்டுகளைத் தரும் அனுமதியையே நீக்கியது. இவ்விரு முடிவுகளையும் உந்தியது வலி மதிப்பெண்ணன்று. அம்மதிப்பெண் அளக்காமல் விட்ட தீங்குகளே.

தமிழில் எடுத்துரைக்கும்போது

இவ்வொப்பீடுகள் தமிழில் எழுதப்படும்போது கூடுதலாகச் சில சிக்கல்கள் தோன்றுகின்றன. 'வலி' என்னும் சொல் பழந்தமிழில் வலிமையையே பெரிதும் குறித்தது. திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரம் ஆற்றலை அறிதலைப் பேசுவது. இன்றைய வழக்கில் 'வலிமையான வலிநீக்கி' என்று எழுதும்போது, வீரியம் மிக்கதா, பயன்திறன் மிக்கதா என்பது தெளிவாவதில்லை. இவ்விரு கலைச்சொற்களையும் வேறுபடுத்தி ஆள்வது அழகுக்காக அன்று. மருந்தின் அளவைப் பற்றிய தவறான புரிதல் உயிருக்கே கேடு விளைவிக்கும் என்பதற்காக.

அடுத்தது 'போதை மருந்து' என்னும் தொடர். சட்டம் இம்மருந்துகளைப் போதைப்பொருள் கட்டுப்பாட்டின்கீழ் வைத்துள்ளது. இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் 2014 இல் திருத்தப்பட்டு, மார்பின் முதலான இன்றியமையாத மருந்துகளை மருத்துவப் பயனுக்குப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. டிரமடால் 2018 இல் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. சட்டத்தின் சொல்லை நோயாளியிடம் பேசும் சொல்லாகக் கொண்டால், இரண்டு நாள் மார்பினுக்கே அஞ்சி வலியோடு அசையாமல் கிடக்கும் நிலை உண்டாகும். 'ஓபியாய்டு' என்ற கடன்சொல்லோ 'அபினி வகை மருந்து' என்ற விளக்கமோ அச்சத்தையும் அலட்சியத்தையும் ஒருங்கே தவிர்க்கும்.

மூன்றாவது, வலியின் வகை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, விண்விண் எனத் தெறித்தல் எனத் தமிழ் பேசுவோர் வேறுபடுத்திக் கூறுவனவற்றை ஓர் எண் விழுங்கிவிடுகிறது. ரொனால்ட் மெல்சாக் 1975 இல் வெளியிட்ட மெகில் வினாநிரல் இத்தகைய சொற்களையே ஆங்கிலத்தில் தொகுத்து அளவுகோலாக்கியது. எரிச்சலும் தெறிப்பும் நரம்பு பாதிப்பைச் சுட்டக்கூடியவை. அவ்வகை வலிக்கு எல்லா மருந்துகளும் ஒன்றுபோற் பயன்படுவதில்லை. தமிழ் பேசும் நோயாளிகளிடம் ஒப்பீட்டு ஆய்வு நடத்துவோர் எண்ணோடு இச்சொற்களையும் பதிவு செய்தால், மொழியாய்வும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பயன்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் 'எந்த ஓபியாய்டு சிறந்தது' என்னும் வினா முழுமையற்றது என்பது பெறப்படும். யாருக்கு, எந்த அடிப்படை மருந்துகளோடு, எத்தனை நாள்களுக்கு, எந்த நோக்கத்திற்காக என்பன சேரும்போதே அது ஆய்வுக்குரிய வினாவாகிறது. வலி மதிப்பெண்ணைத் தக்கவைத்துக்கொண்டே, ஒவ்வோர் ஒப்பீட்டு ஆய்வும் பின்வரும் நான்கையும் முதன்மை நிலையில் அறிவிப்பது தகும்: நோயாளி மறுநாள் நடந்தாரா, இரவில் உறங்கினாரா, குமட்டல், மலச்சிக்கல், மனக்குழப்பம், மூச்சு மந்தம் ஆகியவற்றுள் எதற்கு ஆளானார், ஆறு வாரங்களுக்குப் பின்னும் அம்மாத்திரையை உட்கொள்கிறாரா.

இவற்றுள் எதற்கும் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. அறுவை முடிந்தவரின் படுக்கையருகே இருப்பவர் எவரும் முதலில் கேட்பவை இக்கேள்விகளே. ஆய்வுகளும் அவற்றைக் கேட்கத் தொடங்கும்போது, 'இரண்டும் சமம்' என்று இன்று அறிவிக்கப்படும் மருந்துகளுள் பல சமமானவை அல்ல என்பது புலப்படக்கூடும்.